பழைய பொருள்களை ஓவியமாக்க இறங்கும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

அம்மாவின் மறைவுக்குப் பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த சில பொருள்களை எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கினேன். விளிம்பில் எனாமல் பெயர்ந்த ஒரு வெள்ளைக் கோப்பை, சாவி கொடுத்தால் ஓடும் அலாரம் கடிகாரம், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் நீள மூக்குக் குப்பி, பொத்தான்கள் போட்டு வைத்திருந்த தகர டப்பா, ஒரு பக்கக் கம்பி ஒடிந்த மூக்குக்கண்ணாடி. இவற்றை யாரும் விலை கொடுத்து வாங்கப் போவதில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. வரைந்து வைத்துவிட்டால் பொருள் போனாலும் படம் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தொடங்கியது, பிறர் வீட்டுப் பொருள்களைப் பணத்துக்கு வரைந்து கொடுக்கும் வேலையாக வளர்ந்து, கையிலிருந்த சேமிப்பில் பெரும்பகுதியையும் ஓர் ஆண்டுக்கு மேலான மாலைப் பொழுதுகளையும் விழுங்கிவிட்டுத்தான் ஒரு நிதானத்துக்கு வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. கையில் கிடைத்த புத்தகங்கள் எல்லாம் பழங்களையும் பூச்சாடிகளையும் வரையக் கற்றுத்தந்தன. இறந்தவர் பயன்படுத்திய கோப்பையை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவது எப்படி என்று எதிலும் இல்லை. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் மனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் 'வரையுங்கள், மனம் லேசாகும்' என்று பலரும் சொல்வதுண்டு. என் அனுபவத்தில் அது பாதி உண்மைதான். ஒரு பொருளை வரைவது என்றால் அதை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பது என்று பொருள். அன்றாட வாழ்க்கையில் நாம் எதையும் அப்படிப் பார்ப்பதில்லை. ஒடிந்த மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்து விளக்கைப் போட்டதும், மூக்கில் பதியும் சிறு தாங்கிகளைச் சுற்றிப் பச்சை படிந்திருப்பதும், வலப்பக்கக் கண்ணாடி மட்டும் துடைத்துத் துடைத்து மங்கியிருப்பதும் கண்ணில் பட்டன. அம்மா அதைக் கழற்றித் துணி நுனியில் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பது அப்படியே எழுந்து வந்துவிட்டது. அன்றைக்குப் பென்சிலைத் தொட முடியவில்லை. அடுத்து வந்த நாள்களிலும் அதே நிலைதான். அந்தக் கண்ணாடியோடு பல வாரங்கள் போராடி, இந்த வேலையே வேண்டாம் என்ற முடிவுக்குக்கூட வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்தேன். அதன்மேல் எனக்குப் பெரிய பற்று கிடையாது. வீட்டில் எப்போதும் இருந்த ஒரு பொருள், அவ்வளவுதான். கை தடையின்றி ஓடியது. நெஞ்சுக்கு மிக நெருக்கமான பொருளிலிருந்து தொடங்காதீர்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நினைவு இருக்கலாம், கை நடுங்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. நெருக்கமான பொருளை எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் சிறு தாளில் இருபது நிமிடத்துக்கு மட்டும் கோட்டோவியம் போட்டுப் பாருங்கள். நேரம் முடிந்ததும் பொருளை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். மேசையிலேயே விட்டுவைத்தால் நீங்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது கூடவே இருக்கும்; சில வாரங்களில் ஆளைக் கரைத்துவிடும்.

அடுத்த சிக்கல் பொருள்களை அடுக்குவதில் வந்தது. பழைய பொருள் என்றாலே எல்லாவற்றையும் ஒரே மேசையில் கூட்டிவிடத் தோன்றும். கடிகாரம், டப்பா, கோப்பை, சாவிக்கொத்து, பழைய கடிதக் கட்டு, அதன்மேல் காய்ந்த பூ ஒன்று. அப்படி அமைத்த ஒரு பெரிய படத்தில் ஒரு மாதத்துக்கு மேல் செலவானது. ஒவ்வொரு பொருளும் சரியாகவே வந்திருந்தது. பார்த்தவர்களும் 'அட, இது எங்கள் வீட்டிலும் இருந்ததே' என்று விரல் நீட்டிச் சொன்னார்கள். ஆனால் யாரும் அதன் முன் நிற்கவில்லை. அடையாளம் கண்டுகொள்வது வேறு, நினைவு கிளர்வது வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகுதான் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனின் படங்களை ஆற அமர்ந்து பார்க்கத் தொடங்கினேன். 1699இல் பாரிசில் பிறந்த அவர் 1734 வாக்கில் ஒரு செம்புத் தண்ணீர்க் கலத்தை வரைந்தார். சிறிய பலகையில் தீட்டிய அந்தப் படம் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத் தாங்கியின்மேல் நிற்கும் கலம், பக்கத்தில் ஒரு வாளியும் ஓரிரு பாத்திரங்களும். வேறு எதுவும் இல்லை. உயிரற்ற பொருள்களை வரைவதை ஓவிய வகைகளின் கடைசிப் படியில் வைத்து 1667இல் ஃபெலிபியன் என்ற பிரெஞ்சுக் கலை எழுத்தாளர் எழுதினார். அவர் எந்த அகாதெமிக்காக அப்படி எழுதினாரோ அதே பிரெஞ்சு ஓவிய அகாதெமிதான் 1728இல் ஷார்தேனை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இத்தாலியின் போலோன்யாவில் 1890இல் பிறந்து 1964இல் மறைந்த ஓவியர் ஜார்ஜோ மொராண்டியோ, பல பத்தாண்டுகளாக அதே சில புட்டிகளையும் பெட்டிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். பளபளப்பு கண்ணை இழுத்துவிடாதபடி சில புட்டிகளுக்கு மங்கலான பூச்சுகூடக் கொடுத்து வைத்திருந்தார். இவர்களைப் பார்த்த பிறகு என் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன். ஒரு பொருளை எடுத்ததும் அந்த இடம் குறைபட்டுத் தெரிந்தால் மட்டும் திரும்ப வைப்பேன். இன்று என் படங்களில் பெரும்பாலும் ஒரு பொருள், மிஞ்சினால் இரண்டு. பக்கத்தில் வெறும் மேசையும் வெறும் சுவரும் இருக்கும். காய்ந்த பூவையும் மஞ்சளாக்கிய கடிதத்தையும் ஒதுக்கிவிட்டேன். 'இது பழசு, உருகுங்கள்' என்று அவை பார்ப்பவரைக் கையைப் பிடித்து இழுக்கின்றன. அப்படி இழுக்கப்படுவதை யாரும் விரும்புவதில்லை.

பழமையைக் காட்ட வேறு எதுவும் தேவையில்லை, தேய்மானம் போதும். ஆனால் தேய்மானத்தைக் கூர்ந்து பார்த்து வரைய வேண்டும். கோப்பையின் விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளி. கிட்டப் போனால் நடுவில் கருப்பு, அதைச் சுற்றிச் செம்பழுப்பாக மெல்லிய துரு, அதற்கும் வெளியே வெள்ளைப் பூச்சு சட்டென்று உடைந்து நிற்கும் ஓரம். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கி ஒட்ட வைத்த கண்ணாடிதான். அதனால் அது உரிவதில்லை, தெறித்து உடைகிறது. உடைந்த ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் பிடிக்கிறது. அந்த மயிரிழையைச் சிறு தூரிகையால் ஒரே இழுப்பில் வைத்தபோது, கோப்பை முழுவதும் இரும்பின் கனத்தோடு மேசையில் உட்கார்ந்துகொண்டது. தேய்மானம் எப்போதும் கை படும் இடத்தில்தான் இருக்கும். கைப்பிடியின் உட்புறம், மூடியைத் திறக்க நகம் நுழையும் ஓரம், மேசையில் உரசும் அடிவிளிம்பு. அழகுக்காக வேறு இடத்தில் துருவைத் தூவினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் நம்பமாட்டார். தகர டப்பாக்களில் உள்ள எழுத்துகளுக்கும் இதே கவனம் வேண்டும். எழுத்தை எழுத்தாக எழுதாமல், வளைவோடு வளைந்து ஓரத்தில் ஒடுங்கும் நிறத் துண்டுகளாக வரைந்தால்தான் அது டப்பாவின்மேல் ஒட்டியிருக்கும்.

வெளிச்சம் எனக்கு அதிகக் காலத்தைத் தின்றது. பகலில் வேலைக்குப் போய்வந்து இரவில் வரைபவர்கள் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். வீட்டில் போட்டிருக்கும் மஞ்சள் விளக்கு பொதுவாக 2700 கெல்வின் அளவில் இருக்கும். அதன் கீழே வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வேறுபாடே தெரியாது. போதவில்லை போதவில்லை என்று மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே போவோம். காலையில் எழுந்து பார்த்தால் படம் முழுக்க மஞ்சள் பூத்திருக்கும். இப்படிக் கெட்ட படங்களைச் சுரண்டித் திரும்பத் தீட்டியதில் வீணான வண்ணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தீர்வு எளிது. பொருளுக்கு ஒரு விளக்கு, கேன்வாஸுக்கும் வண்ணம் கலக்கும் பலகைக்கும் வேறொரு விளக்கு. பொருளின்மேல் விழும் ஒளி மஞ்சளாகவே இருக்கட்டும், பழைய வீட்டு மாலையின் உணர்வுக்கு அது நல்லதுதான். ஆனால் நீங்கள் வண்ணம் கலக்கும் இடத்தில் 5000 கெல்வின் அளவிலான, நிறங்களைப் பிசகாமல் காட்டும் குறியெண் 90க்கு மேல் உள்ள விளக்கு வேண்டும். அந்தக் குறியெண் விளக்கின் அட்டைப் பெட்டியிலேயே சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருக்கும். இரண்டு ஒளியும் ஒன்றோடொன்று கலக்காதபடி நடுவில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். பகலில் வரைபவர்கள் நேர் வெயில் விழாத சன்னலைத் தேர்ந்துகொண்டு தினமும் அதே நேரத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். நிழல் நகர நகரத் துரத்திக்கொண்டு போனால் படத்தில் மூன்று சூரியன்கள் இருக்கும். பொருள் இருந்த இடத்தையும் உங்கள் நாற்காலிக் கால்களையும் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். மேசையைத் துடைக்க யாராவது ஒரு முறை எடுத்து வைத்தால் போதும், பல நாள் வேலை பொருந்தாமல் போய்விடும்.

நிறத்தில் இன்னொரு தந்திரமும் நடக்கிறது. கோப்பை வெள்ளை என்று மூளைக்குத் தெரியும், ஆகவே நிழலில் இருந்தாலும் அதை வெள்ளையாகவே காட்டும். உண்மையில் என் கோப்பையின் நிழல் பக்கம் நடுத்தரச் சாம்பலைவிடவும் இருண்டிருந்தது. மேசையின் பழுப்பு அதில் கீழிருந்து ஏறியிருந்தது. ஒரு சாம்பல் நிற அட்டையில் சிறு துளை போட்டு, அதன் வழியாக ஒரே ஒரு கண்ணால் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். கோப்பை மறைந்து நிறம் மட்டும் தெரியும். அதைக் கலந்து வையுங்கள், அருகில் இருக்கும் நிறங்கள் வந்து சேர்ந்ததும் அது தானாக வெள்ளையாகிவிடும். இதைச் சொல்லும்போது அக்கா வந்த நாள் நினைவுக்கு வருகிறது. பொத்தான் டப்பாவை வரைந்து முடித்திருந்தேன். "அது பச்சை டப்பா அல்லவா? ஏன் நீலமாகப் போட்டிருக்கிறாய்?" என்றார். டப்பாவையே எடுத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார். "இருக்கலாம். ஆனால் நம் வீட்டு டப்பா பச்சைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் சொன்னதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். சில மாதங்களில் அதே பேச்சு பணப் பிரச்சினையாக என் வாசலுக்கு வந்தது.

அதற்கு முன் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவை அடைத்துக்கொண்டு, எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனோடு இரவுகளைக் கழித்ததில் தீராத தலைவலி வந்தது. துக்கத்தாலும் தூக்கமின்மையாலும் வந்தது என்றே நினைத்திருந்தேன். சன்னல்களைத் திறந்து வைத்துக் கரைப்பானை நிறுத்தியதும் போய்விட்டது. வாசனை இல்லாத கரைப்பானும் ஆவியாகத்தான் செய்யும். மூக்குக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. தூரிகையை எண்ணெயில் அலசித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கி மூலையில் குவிக்காதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் உண்டாகும். குவியலுக்குள் வெப்பம் தங்கிவிட்டால் துணி தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது நீர் ஊற்றிய மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள். பழைய கடிகாரங்களை வரைபவர்களுக்கு இன்னொன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்ட, இருட்டில் ஒளிரும் முள்கள் கொண்ட பல கடிகாரங்களில் ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று ஒளிராவிட்டாலும் ரேடியம் அங்கேயே இருக்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறந்து முள்ளைத் துடைக்கவோ சுரண்டவோ வேண்டாம்.

என் கோப்பைப் படத்தைப் பார்த்த ஒருவர், தம் தந்தையின் டிரான்சிஸ்டர் வானொலியை வரைந்து தர முடியுமா என்று கேட்டார். வானொலி தொலைவில் வேறொரு வீட்டில் இருந்தது. கைப்பேசியில் எடுத்த சில படங்களை அனுப்பினார். சிறு தொகை முன்பணமாகக் கொடுத்தார். மகிழ்ச்சியில் நல்ல கேன்வாஸ், நல்ல சட்டம் என்று முன்பணத்தைப் போலப் பல மடங்கு செலவழித்துவிட்டேன். மாதக்கணக்கில் உழைத்தேன். உறையில் விழுந்த விரிசல், ஒடிந்த ஏரியல், ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்த பின்மூடி, தேய்ந்த குமிழ் எல்லாவற்றையும் அன்போடு தீட்டினேன். அதுவரை நான் வரைந்ததில் அதுவே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அவர் வந்து பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இது எங்கள் அப்பாவின் வானொலி இல்லைங்க. அப்பா இருந்தபோது இது இப்படியா இருந்தது?" என்றார். நான் அவர் அனுப்பிய படங்களைக் காட்டினேன். "அது இப்போது இருக்கிற வானொலி" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு அவமானத்தில் உடம்பெல்லாம் கொதித்தது. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த பல வாரங்கள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு வந்த வேறு சில வேலைகளிலும் இதே முனகல் கேட்டது: 'இன்னும் பெரியதாக இருக்கும்', 'இவ்வளவு அழுக்காக இருக்காது', 'பளபளவென்று இருக்கும்'.

இதைப் பற்றி நெடுநாள் யோசித்த பிறகு எனக்குத் தெளிந்தது இதுதான். ஒவ்வொரு பழைய பொருளுக்கும் இரண்டு வயது இருக்கிறது. இன்று மேசையில் இருக்கும் வயது ஒன்று. நினைவுக்குள் நின்றுபோன வயது ஒன்று. நான் வரைந்தது முதலாவதை, அவர் கேட்டது இரண்டாவதை. அக்காவின் பச்சை டப்பாவும் அதுவேதான். வரைபவர் இரண்டில் எதை வரையப் போகிறார் என்பதைப் பென்சில் எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டும். என் சொந்தப் படங்களுக்கு நான் இன்றைய வயதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். கடந்த காலம் பொருளில் பதிந்திருக்கும் ஒரே இடம் தேய்மானம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பிறருக்காக வரையும்போது அந்த உரிமை நமக்கு இல்லை. அதனால் இப்போது படங்களைக் கேட்பதற்கு முன் கேள்விகளைக் கேட்கிறேன். எந்தக் காலத்து வானொலி? எங்கே வைத்திருந்தார்கள்? எந்த வேளையில் பாடும்? அது பாடும்போது உங்களுக்கு என்ன வயது? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது. ஆறு வயதுக் குழந்தை அலமாரியில் இருக்கும் வானொலியைக் கீழிருந்துதான் பார்த்திருக்கும். மேசைமேல் இருக்கும் கோப்பையின் விளிம்பு அதன் கண்மட்டத்தில் இருந்திருக்கும். கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்காது. நின்றுகொண்டு குனிந்து பார்க்கும் பெரியவரின் கோணத்தில் வரைந்தால், பொருள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த நினைவு வராது. இப்போது பொருளை உயரமான தட்டில் வைத்து, நான் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து வரைகிறேன். நினைவில் 'பெரியதாக' இருந்தது ஏன் என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

கண்மட்டம் என்றதும் வட்ட விளிம்புகளைச் சொல்ல வேண்டும். விளிம்பு கண்ணுக்கு நேராக இருந்தால் கோடாகத் தெரியும். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக நீள்வட்டமாகத் திறந்துகொள்ளும். ஆகவே கோப்பையின் வாயைவிட அடி அதிகமாக வளைந்திருக்கும். அடியைத் தட்டையாகப் போட்டால் கோப்பை மேசையில் நிற்காது. இரு முனைகளும் ஒருபோதும் கூராக முடியாது. ஐயம் வந்தால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் உடனே தெரியும்.

கைப்பேசிப் படத்தை மட்டும் நம்பி வேலை எடுப்பதை நிறுத்திவிட்டேன். கிட்டே வைத்து எடுத்தால் முன்னிருக்கும் மூலை வீங்கிப் பின்பக்கம் சுருங்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் நிறமெல்லாம் கருப்பாகிவிடும். பொருளை அனுப்பவே முடியாது என்பவர்களிடம், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுக்கச் சொல்கிறேன். ஒரே பக்கத்திலிருந்து ஒளி வர வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோலும் ஒரு வெள்ளைத் தாளும் இருக்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் எழுதி வாங்குவது நல்லது. படத்தின் அளவு, பொருளின் எந்த வயது, எந்தக் கோணம் என்பவை அதில் இருக்க வேண்டும். முதலில் சிறு வண்ண மாதிரி ஒன்றைக் காட்டி ஒப்புதல் பெறுகிறேன். அதற்குப் பிறகுதான் கேன்வாஸைத் தொடுவேன். பாதித் தொகை முன்பணம், மாதிரிக்கு ஒப்புதல் தந்த பின் அது திரும்பாது. திருத்தம் ஒரு முறை மட்டும். சட்டத்துக்கும் அனுப்பும் செலவுக்கும் தனிக் கணக்கு. இறந்தவர்களின் பொருளைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் பேசாமல் விட்டதால்தான் இருவருக்கும் கசப்பு மிஞ்சியது.

பெரிய அடி கடைசியாக விழுந்தது. சிவப்பு வெந்நீர்க் குடுவை ஒன்றின் படத்தை வாங்கியவர் அதைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார். ஓர் ஆண்டு முடிவதற்குள் சிவப்பு வெளிறிப்போய்விட்டது. அவர் அனுப்பிய நிழற்படத்தில் என் குடுவை இளஞ்சிவப்பும் சாம்பலுமாக நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, அதே டியூபில் செய்த மற்றப் படங்களை விற்பதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. பல மாத உழைப்பு அப்படியே முடங்கியது. அந்த டியூபின்மேல் அழகான ஒரு பெயர் மட்டும் இருந்தது. உள்ளே என்ன நிறமி என்று எங்கும் அச்சிடவில்லை. இது புதிய துன்பமும் அல்ல. டச்சு ஓவியர் வான்கோ 1888இல் தம் படுக்கையறையை வரைந்தபோது சுவர்கள் வெளிர் ஊதா என்றே கடிதத்தில் எழுதினார். இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். கலவையில் இருந்த சிவப்பு ஒளிபட்டு மறைந்துவிட்டது. டியூபை வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் நிறமியின் குறியெண்ணைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது அலிசரின் கிரிம்சன், பார்க்க மிக அழகு, ஆனால் ஒளியில் நிற்காது. அதன் இடத்தில் குவினாக்ரிடோன் என்னும் செயற்கை நிறமி வகையான பி.வி. 19 நன்றாக நிற்கும். செம்மண் சிவப்புகளான பி.ஆர். 101 அசையவே அசையாது. தரமான டியூப்களில், நிறம் ஒளியில் எவ்வளவு நிற்கும் என்று காட்டும் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் ஒளித்தாங்கு நிலையும் இருக்கும்; முதல் இரண்டு நிலைகளைத் தாண்டியதை விற்கும் படங்களில் பயன்படுத்த வேண்டாம். சந்தேகமான வண்ணத்தை ஓர் அட்டையில் பட்டையாகத் தீட்டி, உலர்ந்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் சில மாதங்கள் ஒட்டி வைத்துப் பாருங்கள். தாளை எடுத்ததும் உண்மை தெரிந்துவிடும். வெள்ளையில் துத்தநாக வெள்ளையைத் தவிர்த்து டைட்டானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் காலப்போக்கில் நொறுங்கி ஏடு ஏடாகப் பெயரக்கூடியது.

உலர்வதிலும் பொறுமை வேண்டும். எண்ணெய் வண்ணம் நீர் வற்றுவதுபோல் உலர்வதில்லை, ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பிக் குமிழ்த் தாளில் சுற்றி அனுப்பிய ஒரு படத்தில், பிரித்துப் பார்த்தபோது பின்னணி முழுவதும் குமிழ் வட்டங்கள் பதிந்திருந்தன. அம்பர் என்னும் மண் பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் விரைவில் உலரும், ஐவரி கருப்புக்கு நெடுநாள் ஆகும். மெதுவாக உலர்வதன்மேல் விரைவாக உலர்வதைத் தீட்டினால் பின்னாளில் மேல்பூச்சு வெடிக்கும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். வார்னிஷ் போட ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்க வேண்டும் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுகிறேன். அவசரமாகக் கேட்பவர்களுக்கு நான் வரைந்து தருவதில்லை.

இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலைகளுக்கு மேல் எடுப்பதில்லை. இழந்த பணம் முழுவதும் இன்னும் திரும்பவில்லை. வண்ணச் செலவுக்கு வேலையே ஈடுகட்டிவிடுகிறது. வானொலிப் படம் என்னிடமே இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் இல்லை. மூக்குக்கண்ணாடியையும் அண்மையில் ஒரு சிறு பலகையில் தீட்டி முடித்தேன். அனுப்பும் ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்புச் சீட்டு வைக்கிறேன். பொருள் யாருடையது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது, வரைந்த ஆண்டு, பயன்படுத்திய நிறமிகளின் குறியெண்கள், வார்னிஷ் போட்ட நாள், நேர் வெயில் படாத சுவரில் மாட்டவும் என்ற வேண்டுகோள், எல்லாம் அதில் இருக்கும். பின்னாளில் யாராவது பழுதுபார்க்க நேர்ந்தால் இந்தக் குறியெண்கள்தான் அவர்களுக்கு முதலில் தேவைப்படும். அதைக் கேன்வாஸின் பின்புறத்தில் நேரடியாக எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும், மை ஊறவும் செய்யும். அமிலமில்லாத தாளில் எழுதி, துணியில் படாமல் மரச்சட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.